தாகத்தோடு போனவள்

கிரேக்கத் தத்துவத்தைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் 'ப்ஸூகே' என்ற சொல்லைக் கண்டதும் 'ஆன்மா' என்று போட்டுவிடுகிறார்கள். இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். இலியட், ஒடிசி காவியங்களின் கவி ஹோமரைப் படித்துப் பாருங்கள். வீரன் அடிபட்டு விழுவான், காயம் வழியாகவோ வாய் வழியாகவோ அது வெளியேறும். நாம் 'உயிர் போச்சு' என்கிறோமே, அதேதான். ஆள் இருக்கும்வரை யோசிக்க ஒரு சொல், கோபப்பட இன்னொரு சொல். ப்ஸூகேவுக்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை.

சரி, போன பிறகு? ஒடிசியின் 11-ஆம் காண்டத்தில் காவிய நாயகன் ஒடிசியஸ், செத்தவர்களை வரவழைக்க ஒரு குழி வெட்டுகிறான். தேன் கலந்த பால், வைன், தண்ணீர் எல்லாம் ஊற்றி, பார்லி மாவு தூவி, ஆட்டை அறுத்து ரத்தத்தை வடிய விடுகிறான். செத்தவர்கள் வந்து மொய்க்கிறார்கள். பெற்ற தாய் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரத்தத்தைக் குடித்த பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிகிறது. மூன்று தடவை கட்டிப்பிடிக்கப் போகிறான், மூன்று தடவையும் நிழல் மாதிரி கையை விட்டு நழுவுகிறாள். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, சொந்த நிலம்கூட இல்லாத ஒரு ஏழையிடம் கூலிக்கு உழைப்பேன் என்று செத்துப்போன மாவீரன் அக்கிலீஸ் சொல்வதும் இங்கேதான்.

தண்டனை என்று பார்த்தால் புராண ராஜாக்கள் டான்டலஸ், சிசிஃபஸ் போல ஒரு சிலருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் நேர்வது நினைவு தப்பிப்போவது. கிரேக்கனை உலுக்கிய பயம் இதுதான் என்பது என் கட்சி.

தத்துவஞானி பித்தகோரஸ் கி.மு. 530 வாக்கில் சாமோஸ் தீவை விட்டுத் தெற்கு இத்தாலியில் குரோட்டனுக்குப் போய் மறுபிறவி பேசினார். இந்த இடம் வந்ததும் 'எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்' என்று நம் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைக் கேட்டால் எகிப்திலிருந்து வந்தது என்பார். அதைத் தன் சரக்காகக் காட்டிக்கொண்ட கிரேக்கர்கள் யார் யார் என்று தெரியும், ஆனால் பெயரை எழுத மாட்டேன் என்று வேறு சொல்வார், நம்ம ஊர் அரசியல் விமர்சகர் மாதிரி! எங்கிருந்து வந்தது என்பதைவிட எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். பித்தகோரஸைப் பற்றி ஒரு கதை உண்டு. முந்தைய பிறவி ஒன்றில் ஹெர்மெஸ் கடவுள் அவரிடம், சாகாவரம் தவிர எது வேண்டுமானாலும் கேள் என்றாராம். அவர் கேட்டது, செத்த பிறகும் அழியாத நினைவு.

கற்பது என்றாலே முன்பு அறிந்ததை நினைவுக்குக் கொண்டுவருவது என்று பிளேட்டோ பின்னால் வாதமாகவே எழுதினார். அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு தங்கத் தகடு.

1969-இல் இத்தாலியின் தென்கோடியில், பழைய ஹிப்போனியன் நகரத்தில், ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்தது. சுமார் கி.மு. 400-ஐச் சேர்ந்தது. காகிதம் போல மெல்லிசு, மடித்து வைத்திருந்தார்கள். அதில் பொடி எழுத்தில், செத்தவள் மறுஉலகில் போக வேண்டிய வழி சொல்லியிருக்கிறது. வலப்பக்கம் ஒரு ஊற்று வரும், பக்கத்தில் வெள்ளை சைப்ரஸ் மரம் நிற்கும், எல்லோரும் அங்கேதான் குடிப்பார்கள். நீ கிட்டேகூடப் போகாதே. இன்னும் தள்ளிப் போனால் நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் ஓடும். காவலர்கள் கேட்டால் இப்படிச் சொல்: 'நான் பூமியின் பிள்ளை, நட்சத்திர வானத்தின் பிள்ளை. தாகத்தில் காய்ந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.'

செத்துப் போனவள் சொல்ல வேண்டிய வசனம் இது! எழுத்துப் பிழைகளும் உண்டு. முதல் தடவையாகத் தனியே வெளியூர் போகிற பிள்ளையின் கையில், எந்த ஸ்டாப்பில் இறங்கக் கூடாது என்று அவசரமாக எழுதித் திணித்த துண்டுச்சீட்டு மாதிரி இருக்கிறது.