லாரிக்கு அடியில் மியூ இல்லை

போக்கிமான் ரெட், புளூ விளையாட்டுகளில் வெர்மிலியன் துறைமுகத்து லாரியை ‘ஸ்ட்ரெங்த்’ (கனமான பொருள்களைத் தள்ளும் ஆற்றல்) கொண்டு தள்ளினால், பூனைச் சாயல் கொண்ட மியூ என்ற அரிய போக்கிமான் கிடைக்கும் என்ற வதந்தி இன்னும் சுற்றுகிறது. பொய். லாரி இருப்பது உண்மை; ‘சர்ஃப்’ (நீரைக் கடக்கும் ஆற்றல்) மூலம் அங்கே போகலாம். ஆனால் அது வெறும் பின்னணிப் படம், அசையவே அசையாது.

மியூ விளையாட்டுக்குள் நுழைந்த கதைதான் வதந்தியைவிடச் சுவையானது. பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியபின் மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில், நிரலாளர் ஷிகேகி மொரிமோட்டோ கடைசி நேரத்தில் அதைச் செருகினார். 1996இல் ஜப்பானின் கோரோகோரோ இதழ் நடத்திய குலுக்கலில் முதலில் 20 பேருக்கு அது வழங்கப்பட்டது. விளையாட்டில் வரும் செருலியன் நகருக்கு வடக்கே ஒரு நிரல் ஓட்டையால் மியூவைப் பிடிக்கலாம் என்பது மெய். அதற்கும் லாரிக்கும் தொடர்பில்லை. மறுவடிவமான ஃபயர்ரெட்டில் லாரியருகே கிடைப்பது லாவா குக்கி என்ற ஒரு தின்பண்டம்!