மலைப்பாம்பு கக்கிய பெருச்சாளி

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. மும்பை முலுண்டில் எங்கள் சொசைட்டியின் பின்சுவரை ஒட்டி ஓடும் சாக்கடை ஓரத்தில் ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தது. வாட்ச்மேன் "அஜ்கர், அஜ்கர்" என்று கத்தியதும் நாலு கட்டடத்து ஜனமும் கீழே இறங்கிவிட்டது. எட்டடி இருக்கும். வயிற்றில் ஒரு புடைப்பு. அதன் மேல் அத்தனை கைபேசி வெளிச்சம். யாரோ குச்சியால் வாலைக் குத்தினார்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதன் உடம்பு அலை அலையாகச் சுருங்கியது. தாடை மெல்லத் திறந்தது. எச்சிலில் ஊறி, மயிர் ஒட்டிப்போய், நீளவாக்கில் இழுபட்ட ஒரு பெருச்சாளி வெளியே வந்து விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

பயத்தின் உச்சத்தில் மலைப்பாம்பு செய்கிற காரியம் அது. வயிற்றில் இரையோடு அதனால் வேகமாக நகர முடியாது. அதனால் காத்திருந்து பிடித்த சாப்பாட்டைக் கக்கிவிட்டுத் தப்பப் பார்க்கும். நம் சாக்கடையில் கொழுத்த பெருச்சாளியைத் தின்றுகொண்டிருந்த உயிரை நாம் பட்டினி போட்டோம்.

பாம்பைப் பிடித்துக் காட்டில் விடும் சர்ப்பமித்ரா ஒருவர் வந்து சாக்கில் எடுத்துக்கொண்டார். மூன்றாம் மாடி மாமி அவரிடம், "ரொம்ப தூரம் கொண்டுபோய் விட்டுடுப்பா, திரும்பி வரவே கூடாது" என்றார். சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மாமியின் பயம் எனக்குப் புரிகிறது, குழந்தைகள் விளையாடுகிற இடம். ஆனால் அந்த 'ரொம்ப தூரம்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் சுவருக்குப் பின்னால் இருப்பது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. சுமார் 104 சதுர கிலோமீட்டர். மேற்கே போரிவலி, கிழக்கே முலுண்டும் தாணேவும். இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் சிறுத்தை, கடமான், புள்ளிமான், சருகுமான் எல்லாம் வாழ்கின்றன. உள்ளே துள்சி, விகார் என்று இரண்டு ஏரிகள். அதில் முதலை கிடக்கிறது; அந்த ஏரிகள் மும்பைக்குக் குடிதண்ணீரும் தருகின்றன. இந்தக் காட்டுக்கு எங்கே வேலி முடிகிறது என்று பாம்புக்கு யார் சொல்வது?

சிறுத்தை விஷயத்தில் மகாராஷ்டிரம் இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டது. 2000களின் தொடக்கத்தில் ஊருக்குப் பக்கத்தில் தென்பட்ட சிறுத்தைகளையெல்லாம் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். தாக்குதல் குறையவில்லை. 2004இல் இந்தப் பூங்காவைச் சுற்றி உயிரிழப்பு உச்சத்துக்குப் போனது. புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் வனவிலங்கு ஆய்வாளர் வித்யா அத்ரேயா செய்த ஆய்வு, இப்படி இடம் மாற்றி விட்ட பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் தாக்குதல் கூடியதைக் காட்டியது. பழகிய இடத்தைப் பறித்தால் விலங்கு தடுமாறும். சிறுத்தைக்கு ஒத்துக்கொண்ட இதை, பாம்பு என்றதும் மறந்துவிடுகிறோம். தெரியாத இடத்தில் விடப்பட்ட பாம்பு தங்க இடமும் இரையும் தேடி அலைகிறது. அலைகிற பாம்பு சீக்கிரம் சாகிறது.

இத்தனைக்கும் மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. உதட்டோரம் வரிசையாகச் சின்னக் குழிகள். இருட்டில் எலியின் உடற்சூட்டை அதில்தான் உணர்கிறது. வாலடியில் இரண்டு குட்டி நகங்கள், ஒரு காலத்தில் கால் இருந்ததன் மிச்சம். முட்டையிட்ட தாய் அதைச் சுற்றிச் சுருண்டு, கிட்டத்தட்ட இரண்டு மாதம் காவல் கிடக்கும். குளிர் கூடினால் தசைகளைத் துடிக்கவைத்துத் தன் உடம்பால் சூடு கொடுக்கும். ஒரு பாம்பு அடைகாக்கிறது என்று முதன்முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்குத் தொண்டை அடைத்தது.

"மனுஷனையே முழுங்கிடுச்சே, வீடியோ பார்த்தோமே" என்பார்கள். 2017இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒருவரை விழுங்கியது வேறு இனம், இங்கே இல்லாத இனம். இங்கே உண்மையான ஆபத்து வேறு. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது கடித்தால் உயிருக்கே ஆபத்து. தெரியாத பாம்பைத் தொடவே தொடாதீர்கள். மலைப்பாம்பு என்று தெரிந்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே முதல் பட்டியல் பாதுகாப்பு அதற்கும் உண்டு. கழுத்தில் போட்டு செல்ஃபி எடுப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எடுப்பவரிடம், பக்கத்துக் காட்டோரத்திலேயே விடச் சொல்லுங்கள். சுவரோரம் போகிறது என்றால் வழி விட்டு, குழந்தைகளையும் நாயையும் உள்ளே வையுங்கள். முக்கியமாகக் குப்பையை மூடி வையுங்கள். குப்பை இருந்தால் பெருச்சாளி, பெருச்சாளி இருந்தால் அது.

இந்த ஜூலையில் மறுபடி ஒன்று வந்தது. அதேதானா என்று தெரியாது. இந்தத் தடவை வாட்ச்மேன் கத்தவில்லை, எனக்குப் போன் செய்தார். பின்பக்க விளக்கை அணைத்தோம். மாமியிடம் நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். காலையில் போய்ப் பார்த்தேன். ஈர மண்ணில் கையகலத்துக்கு ஒரே நேர்கோடாக ஒரு தடம், சுவரின் ஓட்டை வரைக்கும்.