பச்சையை மட்டுமே பார்க்க விரும்பும் மேலாளர்கள்

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒன்று நடக்கிறது. வெளியிலிருந்து வருகிற பயிற்சியாளர் மேலாளர்களை உட்காரவைத்துக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்கிறார். ஆளுமையை வகைப்படுத்துகிற மயர்ஸ்-பிரிக்ஸ் முறையின் 16 வகைகளில் யார் எதில் வருகிறார் என்று கணக்குப் போட்டு, இவர் அதிரடிக்காரர், இவர் அரவணைத்துப் போகிறவர், இவர் தனித்து யோசிப்பவர் என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடுகிறார். அதன் பிறகு கீழே இருக்கிற எங்களுக்கு நடக்கிற ஒவ்வோர் அநியாயத்துக்கும் அந்த முத்திரையே சமாதானமாகச் சொல்லப்படுகிறது. மனிதவளத் துறையிடம் முறையிட்டால், “அவர் சுபாவம் அப்படி, நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்” என்கிறார்கள். ஒருவர் உரக்கப் பேசுகிறாரா மெல்லப் பேசுகிறாரா என்பது எங்கள் பிரச்சினையே அல்ல. கெட்ட செய்தி ஒன்று மேசைக்கு வரும்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் பிரச்சினை. அதை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு முன்பு ஓர் உற்பத்தி மேலாளர் இருந்தார். அவர் கத்தினால் பிரஸ் ஷாப் சத்தத்தையும் மீறி ஸ்டோர் வரைக்கும் கேட்கும். பயிற்சியாளரின் அட்டவணைப்படி அவர் முழுச் சர்வாதிகாரி. ஆனால் வாடிக்கையாளர் ஆலையில் எங்கள் சரக்கு நிராகரிக்கப்பட்டால், மறுநாள் காலை முதல் ஆளாக அங்கே போய் நிற்பவர் அவர்தான். “என் லைன்ல நடந்தது, நான் சரிபண்றேன்” என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைப் பிரித்துத் தரம் பிரிக்கிற ஆட்களோடு அவரும் நிற்பார். எந்த மின்னஞ்சலிலும் எந்த ஆபரேட்டரின் பெயரையும் அவர் எழுதியதில்லை. திட்டுவதெல்லாம் ஆலை கேட்டுக்குள்ளே, வெளியே வந்துவிட்டால் நாங்கள் அவர் பிள்ளைகள்.

இப்போது இருப்பவர் குரலை உயர்த்தவே மாட்டார். எல்லோர் பிள்ளைகளும் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று நினைவில் வைத்திருந்து விசாரிப்பார்; பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்; அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும். பயிற்சியில் அவருக்கு “ஜனநாயகத் தலைவர்” என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் காலைக் கூட்டத்தில் பலகையில் ஒரு கட்டம் சிவப்பாக இருந்தால் அவருக்கு முகம் மாறிவிடும். உற்பத்தி, ரிஜெக்‌ஷன், மெஷின் பிரேக்டவுன், டிஸ்பாட்ச் ஆகிய நான்கும் பச்சையாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பலகையின் படம் அப்படியே எம்.டி.யின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது.

அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிராக்கெட்டில் துளை பெரிதாகிக்கொண்டே வந்தது. துளையின் அளவைச் சோதிக்கிற பிளக் கேஜ் என்ற கருவியின் ‘நோ-கோ’ முனை துளைக்குள் நுழையவே கூடாது. அன்று அது பாதி வரை தாராளமாகப் போய்வந்தது. டிப்ளமோ முடித்து வந்த இளைஞர் ஒருவர்தான் லைன் இன்ஸ்பெக்டர். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்: அந்த லாட் முழுவதிலும் சிவப்பு அட்டை கட்டி, அனுப்பாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதற்காக ‘ஹோல்ட்’ என்று எழுதினார். மேலாளர் அவர் தோளில் கை போட்டு, “தம்பி, வண்டி வெளியில நிக்குது, இப்போதைக்கு மஞ்சள்ல வையுங்க, சாயங்காலம் பேசிக்கலாம்” என்றார். அட்டை மாறியது, சரக்கு போனது, சாயங்காலம் யாரும் எதுவும் பேசவில்லை.

வாடிக்கையாளரிடமிருந்து சரக்கு திரும்பி வந்தபோது 8டி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நடந்ததன் மூல காரணத்தைத் தோண்டியெடுப்பதற்காகவே இருக்கிற அறிக்கை அது. துளையிடும் கருவி தேய்ந்திருந்தது, அதை மாற்றக் கேட்ட கோரிக்கை செலவைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது, பிடிபட்ட சரக்கை விடச் சொன்னது மேலிடம் என்பவையெல்லாம் அதில் வந்திருக்க வேண்டும். எழுதப்பட்டதோ, மூல காரணம்: பரிசோதகரின் கவனக்குறைவு, நடவடிக்கை: பரிசோதகருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது. இந்த இரண்டு வரிகளை எந்த ஆலையின் கோப்பைப் பிரித்தாலும் பார்க்கலாம். தவறைக் கண்டுபிடித்த மனிதரையே தவறுக்குக் காரணமாக எழுதிவிட்டு, அதே புன்னகையோடு மறுநாள் அவரை நலம் விசாரிக்க ஒருவரால் எப்படி முடிகிறது? எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நிர்வாகம் என்றால் இப்படித்தான் என்று சொல்பவர்களுக்கு ஃபோர்டு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2006-இல் அந்த நிறுவனம் 1,270 கோடி டாலர் நட்டப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தலைமைக்கு வந்த ஆலன் முலாலி, வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பிரிவின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்துக் காட்டச் சொன்னார். கப்பல் மூழ்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எல்லோரும் பச்சையையே காட்டினார்கள். இத்தனை கோடி நட்டத்தில் இருக்கிறோமே, சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டார். பின்னர் ஒரு கூட்டத்தில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, கனடாவின் ஓக்வில் ஆலையிலிருந்து வரவிருந்த எட்ஜ் காரின் வெளியீட்டைச் சிவப்பில் காட்டினார். அவருடைய வேலை போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார், இதற்கு யாரால் உதவ முடியும் என்று கேட்டார். உடனே மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். அதன் பின்னர்தான் மற்றவர்களின் அட்டவணைகளிலும் உண்மையான நிறங்கள் வந்தன. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது ஃபோர்டு போகவில்லை. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பெருங்கடனும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியாதவர் கையில் எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை.

எங்கள் லைனிலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்குகிறது. டொயோட்டா ஆலைகளிலிருந்து உலகெங்கும் போன, ‘ஆண்டான்’ என்ற ஜப்பானியப் பெயர் கொண்ட கயிறு அது. நூல் அறுந்தால் தானே நின்றுவிடுகிற தறியை 1924-இல் முழுமைப்படுத்திய டொயோட்டா குழுமத்தின் நிறுவனர் சாக்கிச்சி டொயோடாவின் சிந்தனையிலிருந்து வளர்ந்த முறை: குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கலாம், குழுத் தலைவர் ஓடி வருவார், குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் தீரவில்லை என்றால் லைன் நிற்கும். எங்கள் கயிற்றின் மேல் தூசி படிந்திருக்கிறது. ஆடிட்டுக்கு முந்தைய நாள் அதைத் துடைப்பார்கள். ஒருமுறை அதை இழுத்த ஒப்பந்தத் தொழிலாளியிடம், எத்தனை நிமிட உற்பத்தி போயிற்று என்று எல்லோர் முன்னிலையிலும் கணக்குக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எவர் கை அதைத் தொடும்?

சர்வாதிகாரம், ஜனநாயகம், கண்டுகொள்ளாமை என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டுகிற மூன்று வகைகளும் குர்ட் லெவின், லிப்பிட், வைட் ஆகிய உளவியலாளர்கள் 1939-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. அமெரிக்காவின் அயோவாவில் பள்ளிச் சிறுவர்களின் கைவினைக் குழுக்களை வைத்து அதைச் செய்தார்கள். தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் குழு என்ன செய்கிறது என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். அடக்கி வைத்த குழுவில் வேலை சட்டென்று சரிந்தது. கலந்து பேசி நடத்திய குழுவில் அது பெரும்பாலும் தொடர்ந்தது. இந்தச் சோதனையை எங்கள் ஆலையில் செய்து பார்க்க யாருக்காவது துணிவு இருக்கிறதா? ஜனநாயகத் தலைவர் என்று பட்டம் பெற்றவர் விடுப்பில் போகிற நாளில்தான் எங்கள் பலகையில் உண்மையான எண்கள் எழுதப்படுகின்றன.

கண்டுகொள்ளாத வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. “நீங்களே பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, பிசகினால் “என்கிட்ட ஏன் கேக்கல” என்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன் போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். கலாமே இதை மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் மேலாளர்கள் இந்தக் கதையைக் கூட்டங்களில் உருக்கமாகச் சொல்கிறார்கள். பிறகு அறைக்குத் திரும்பி, “பரிசோதகரின் கவனக்குறைவு” என்று தட்டச்சு செய்கிறார்கள்.

மேலாளர்களை மதிப்பிட ஒரு படிவத்தை எங்களிடமும் நீட்டுகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்கிறார்கள். பிரிவு, ஷிஃப்ட், பணி அனுபவம் மூன்றையும் நிரப்பச் சொன்ன பிறகு பெயர் எதற்கு? அதிலும் கேட்பது “உங்கள் மேலாளர் அணுகக்கூடியவரா”, “ஊக்கப்படுத்துகிறாரா” என்பவைதான். போன காலாண்டில் இவர் பிரிவிலிருந்து எத்தனை சிவப்பு அட்டைகள் மஞ்சளாக மாறின, யார் மாற்றச் சொன்னது, கருவி மாற்றக் கேட்ட கோரிக்கைகள் எத்தனை நாள் கிடப்பில் கிடந்தன, 8டி அறிக்கைகளில் எத்தனை ஆபரேட்டர் தலையில் முடிந்தன என்று கேளுங்கள். இவையெல்லாம் ஆலையின் பதிவேடுகளிலேயே இருக்கின்றன. யார் பெயரையும் கேட்காமலே எடுத்துவிடலாம். அதைச் செய்ய மனமில்லாதவர்கள், அந்த இளைஞரின் ஊதிய உயர்வை மறுபயிற்சியைக் காரணம் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதலில் அதைக் கொடுங்கள். அந்த அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள்.