நானோ ஊசி நான்கு வாரத்தில் நடக்க வைக்குமா? உண்மை விளக்கம்

"முதுகுத்தண்டில் அடிபட்டவரையும் பக்கவாதம் வந்தவரையும் ஒரே நானோ ஊசி நான்கு வாரத்தில் நடக்க வைக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. நடந்தவை சுண்டெலிகள், மனிதர்கள் அல்லர்.

இச்செய்திக்கு அடிப்படை, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழுவினர் நடத்தி, 2021 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு. திரவமாகச் செலுத்தப்படும் பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு போன்ற) மூலக்கூறுகள், தண்டுவடத்தின் திசுவைத் தொட்டதும் மிக நுண்ணிய நானோ இழைகளாகப் பின்னிக்கொண்டு கூழாக உறைந்து, அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளரவும் புதிய இரத்தக் குழாய்கள் உருவாகவும் செல்களைத் தூண்டுகின்றன. சுமார் 12 வாரங்களில் சிதைந்தும் விடுகின்றன. போற்றத்தக்க பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஊசி, காயம்பட்ட ஒரு நாளிலேயே போடப்பட்டது. ஆண்டுக்கணக்காகப் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பற்றி அந்த ஆய்வு எதையும் மெய்ப்பிக்கவில்லை. பக்கவாதமோ மூளையின் இரத்த ஓட்டம் பாதிக்கப்படுவதால் வருவது. அது இந்த ஆய்வின் பொருளே அன்று.

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள அறிக்கையைத் திறந்து பாருங்கள். நடந்தவை விலங்குகள் என்று துணைத்தலைப்பிலேயே இருக்கிறது. இந்தச் சிகிச்சையைச் சோதனை முறையில் தருவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அந்தச் சோதனை உள்ளதா என்று முதலில் தேடுங்கள். அது எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது.

நகையை அடகு வைத்தாவது பிள்ளையை எழுந்து நிற்க வைத்துவிடத் துடிக்கும் பெற்றோரின் கைப்பேசிக்கும் இச்செய்தி போய்ச் சேருகிறது. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பகிருங்கள்.