அந்த மியுகி பாலம் வீடியோ பற்றி

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "ஒரு வீடியோவுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?" அங்கே கமெண்ட்டில் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சரி, என் சுவரிலேயே எழுதிவிடுகிறேன்.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அன்று எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஏஐ-யால் அசைய வைத்து ஒரு பக்கம் போட்டிருக்கும் வீடியோ அது. பாலத்தோரம் உட்கார்ந்திருக்கும் கூட்டம், ஏஐ புண்ணியத்தில் கலராகி, மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்த்து அழுகிறது. பின்னணியில் வயலின். மேலே "நாகசாகி 1945, கல்நெஞ்சும் கரையும்". கீழே அந்தப் பக்கத்தின் லோகோ, நல்ல பெரிசாக. படம் எடுத்தவர் பெயருக்குத்தான் இடம் போதவில்லை போல.

அது நாகசாகியே இல்லை. ஹிரோஷிமா, மியுகி பாலம், 1945 ஆகஸ்ட் 6, காலை பதினொரு மணி வாக்கில். எடுத்தவர் யோஷித்தோ மட்சுஷிகே. சூகொக்கு ஷிம்புன் நாளிதழின் படக்காரர், வயது 32. குண்டு வெடித்த இடத்திலிருந்து அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அன்றைக்கு நகருக்குள் தரையில் நிலைமை எப்படி இருந்தது என்று காட்ட உலகத்திடம் இருப்பவை இவர் எடுத்த ஐந்து படங்கள்தான்.

படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நமக்கு முதுகு காட்டியிருக்கிறார்கள். தீப்புண்ணுக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். மட்சுஷிகே அங்கே இருபது நிமிடம் போல கேமராவைத் தூக்க முடியாமல் நின்றிருக்கிறார். பிறகு ஒன்று எடுத்தார். கொஞ்சம் கிட்டே போய் இரண்டாவது எடுக்கும்போது வ்யூஃபைண்டர் கண்ணீரில் மங்கிவிட்டது. இதை அவரே பல வருடம் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். கையில் இரண்டு ரோல், 24 படம் எடுக்கலாம். அன்று முழுவதும் ஏழு தடவைதான் அழுத்தினார், தேறியது ஐந்து. ஒரு டிராமுக்குள் எட்டிப் பார்த்தார், உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. கேமராவில் கை வைத்தார், எடுக்கவில்லை. அவர் எடுக்காமல் விட்ட அந்தப் பதினேழும் அவர் விட்டுப்போன சொத்துதான் என்பேன் நான்.

அப்படி ஒரு மனுஷன் அழுதுகொண்டு தள்ளி நின்று எடுத்த படத்தை, எண்பது வருடம் கழித்து ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு முன்பக்கமாகத் திருப்புகிறீர்கள். யாரைக் கேட்டு?

அந்த முதுகுகளில் ஒன்று தன்னுடையது என்று சொன்னவர் சுனாவோ சுபோய். அப்போது 20 வயது மாணவர். பிழைக்கமாட்டோம் என்று நினைத்து, சுபோய் இங்கே செத்தான் என்று கல்லால் தரையில் கிறுக்கினாராம். ஆனால் பிழைத்தார். வாழ்நாள் முழுக்க அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசினார். 2016-இல் ஒபாமா ஹிரோஷிமா வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியவர் இவர்தான். 2021-இல், 96 வயதில் காலமானார். அவருக்கு முகம் இருக்கிறது ஐயா. கூகுள் பண்ணினால் வரும். உங்கள் ஏஐ அவருக்கு ஊர் பேர் தெரியாத ஒரு முகத்தை ஒட்டி அழ வைத்திருக்கிறது.

நாகசாகி என்று போட்டது தப்பு என்றதற்கு "ரெண்டும் ஒண்ணுதானே ப்ரோ" என்று பதில். ஒன்றில்லை ப்ரோ. நாகசாகியை எடுத்தவர் யோசுகே யமஹாட்டா. பிரச்சாரத்துக்குப் படம் வேண்டும் என்று ராணுவம் அனுப்பி, ஆகஸ்ட் 10 அன்று நூறுக்கும் மேல் எடுத்தார். நெகட்டிவை ராணுவத்திடம் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். அன்று தான் நிதானமாகவே இருந்ததாகவும், அது மன்னிக்க முடியாததாக இருக்கலாம் என்றும் பிற்பாடு சொன்னவர். உங்களுக்கு முகம்தான் வேண்டுமென்றால் அவர் எடுத்திருக்கிறார்: கையில் சோற்று உருண்டையோடு ஒரு சின்னப் பையன் நின்று பார்ப்பான். அசல் முகம். ஒருவர் கிட்டே போனார், ஒருவரால் முடியவில்லை. இரண்டு பேரையும் ஒரே வயலினில் போட்டு வாட்டினால் எப்படி?

"ஜப்பான்காரனே பண்ணியிருக்கான்" என்று லிங்க் அனுப்பிய தம்பிக்கு நன்றி. ஆமாம், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2015-இல் இதே பாலத்துப் படங்களுக்கு நிறமும் அசைவும் கொடுத்தது. அதற்கு முன்னால் அந்தப் பாலத்தில் இருந்து பிழைத்தவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? ஒரு ஆப்பை. காப்புரிமை முடிந்துவிட்டது என்று ஒரு வக்கீல் வந்தார். சட்டம் பேசவே இல்லை நான். "மக்கள்கிட்ட போய்ச் சேருதுல்ல?" சேருகிறது, நாகசாகி என்று.

குண்டு விழுந்து இருபது நாள் கழித்து, ராத்திரியில் வெட்டவெளியில் டெவலப் பண்ணி, ஓடைத் தண்ணீரில் அலசி, மரக்கிளையில் மட்சுஷிகே காயப்போட்ட நெகட்டிவ் அது. பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பின் தணிக்கை. 1952-இல்தான் அமெரிக்காவின் லைஃப் இதழில் வந்து உலகம் பார்த்தது. அவ்வளவையும் தாண்டி வந்த படத்துக்கு நம்ம ஊர்க் கைங்கரியம் இது.

"ஃபோட்டோகிராபர் பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ஏறிவிட்டது. என் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். நெகட்டிவின் ஓரத்தில் இந்தியன் இங்கைத் தொட்டு, பெயரைக் கண்ணாடி எழுத்தாகத் திருப்பி எழுதுவார். பிரிண்ட் போட்டால் வெள்ளையாக, நேராக வரும். ஆற்றுப்பாலம் வெள்ளத்தில் போனபோது அவர் எடுத்த படம் ஒவ்வொரு மழைக்கும் "அரிய புகைப்படம்" என்று எங்கள் ஊர் குரூப்பில் சுற்றுகிறது. அந்த ஓரத்தை மட்டும் அளவாக வெட்டிவிட்டு யாரோ தன் லோகோவைப் போட்டிருக்கிறார். அப்பா எடுத்தது என்று சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்றார்கள். நெகட்டிவ் என் பீரோவில் இருக்கிறது. போட்டோ எடுத்துப் போட்டேன். லைக் வந்தது, பெயர் வரவில்லை.

உடனே "ஓ, சொந்தக் கதையா, அதான் இந்தக் கொதிப்பு" என்பீர்கள். இருக்கட்டுமே. சொந்தக் கதை இருக்கிறவனுக்குத்தான் இது உறைக்கிறது. நான் ஏஐ எதிரியும் இல்லை. அப்பாவின் நெகட்டிவில் கீறல் எடுப்பதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். கீறலை எடுக்கிறேன், ஆற்றில் இல்லாத ஆளை நிற்க வைக்கவில்லை.

இப்போது அட்மின், மட்சுஷிகே பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெரிய மனசு. அந்த முகங்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரைப் போட்டால் அது இன்னும் மோசம். அவர் எடுக்காத படத்துக்கு அவர் பெயரா? வீடியோவைத் தூக்குங்கள். அசல் படத்தைப் போடுங்கள், முதல் ஆளாக நான் ஷேர் பண்ணுகிறேன்.

"உங்கப்பா படத்தையும் அனிமேட் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டவரை பிளாக் பண்ணியாயிற்று. அவருக்காக இங்கே பரிந்து பேச வருகிறவர்களும் யோசித்துவிட்டு வாருங்கள்.