கிளிம்ட்டின் பொன்னுக்குள் ஜப்பானிய அச்சுத்தாள்

ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட்டைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவருடைய ‘முத்தம்’ ஓவியத்தில் உள்ள பொன்னுக்கு இத்தாலிய நகரமான ராவென்னாவின் மொசைக்குகளே (சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்த சுவர்ச் சித்திரங்கள்) காரணம் என்று அந்தக் கட்டுரை முடித்துவிடுகிறது. அவர் 1903இல் ராவென்னா சென்றது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஓவியத்தில் தழுவி நிற்கும் இருவரின் ஆடைகளைப் பாருங்கள். ஆணின் அங்கியில் கறுப்பு வெள்ளைச் செவ்வகங்கள், பெண்ணின் உடையில் வட்டங்கள். துணி மடிந்தாலும் கோலம் மடியவில்லை. தட்டையாகவே பரவிக் கிடக்கிறது. இது கிமோனோ என்னும் ஜப்பானிய அங்கியின் பார்வை. கிளிம்ட் கிமோனோக்களைச் சேகரித்தவர். அவர் சார்ந்திருந்த வியன்னா செசெஷன் என்னும் கலைஞர் குழு 1900இல் ஒரு கண்காட்சி முழுவதையும் ஜப்பானியக் கலைக்கே ஒதுக்கியிருந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ‘கத்தகாமி’ என்னும் சாய அச்சுத்தாள், அதாவது கிமோனோத் துணியில் கோலம் பதிக்க உதவும் வெட்டுத்தாள். மல்பெரி நாரில் செய்த தாள்களைப் பச்சைப் பெர்சிமன் பழச்சாறு கொண்டு ஒட்டி, கூரிய கத்தியால் கோலத்தை வெட்டி எடுப்பார்கள். அதன் வழியாக அரிசிப் பசையைத் துணியில் தடவினால், பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெல்லிய கோடுகள் அசையாதிருக்க இரண்டு தாள்களுக்கு நடுவே பட்டு நூல் வைப்பதும் உண்டு! வியன்னாவின் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தில் இத்தகைய தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு முறை சாதாரணத் தாளில் அலைக்கோலம் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையிலேயே கிழிந்துவிட்டது. இவற்றை வெட்டிய பெரும்பாலான கைவினைஞர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஓவியரின் பெயரைச் சொல்லும் கட்டுரையில் அவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.