அரங்கு போடாத எதிர்கால நகரம்
உளவுக் கதையோடு அறிவியல் புனைவைச் சேர்ப்பதற்குப் பெரும் பொருட்செலவும் கணினி வரைகலையும் இன்றியமையாதவை என்று அத்தகைய திரைப்படங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதப்பட்டிருப்பதை ஏற்க இயலவில்லை. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965இல் எடுத்த ‘ஆல்ஃபாவில்’ படத்தின் எதிர்கால நகரத்துக்கென அரங்கு எதுவும் போடப்படவில்லை. அன்றைய பாரிஸில் புதிதாக எழுந்திருந்த கண்ணாடிக் கட்டடங்களையும் விடுதி நடைக்கூடங்களையும் ஒளிப்பதிவாளர் ரவூல் குத்தார் கருப்பு வெள்ளையில் படமாக்கிய விதமே வேற்றுலகத் தோற்றத்துக்குப் போதுமானதாக இருந்தது. நகரை ஆளும் ஆல்ஃபா 60 என்ற கணினிகூடப் பெரும்பாலும் கரகரப்பான ஒரு குரலாகத்தான் நம்மை வந்தடைகிறது. பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழையும் உளவாளி லெம்மி காஷனிடம் மழைக்கோட்டும் கைத்துப்பாக்கியும் சிறிய கேமராவும் உண்டு, விந்தைக் கருவிகள் கிடையா. (லெம்மியாக வரும் நடிகர் எடி கான்ஸ்டன்டைன் இதே பாத்திரத்தில் முன்பே பல சாதாரணத் துப்பறியும் படங்களில் நடித்திருந்ததால், பிரெஞ்சு ரசிகர்களுக்கு அது பழகிய முகம்.) விடுதி அறையில் வைக்கப்பட்டிருக்கும் அகராதியிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு வருவதை லெம்மி அறிந்துகொள்ளும் இடத்தில் எழும் அச்சத்தை எந்த வெடிப்புக் காட்சியும் எனக்குத் தந்ததில்லை. அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் குறிப்பிட்டுள்ள 1979ஆம் ஆண்டின் ‘மூன்ரேக்கர்’ படம், உளவாளி ஜேம்ஸ் பாண்டை விண்வெளிக்கே அனுப்பியது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது லேசர்ச் சண்டை, உளவு வேலை பெரும்பாலும் பூமியிலேயே முடிந்துவிடுகிறது.